ஞானஸ்நானத் தண்ணீரை எங்கே ஊற்றுவது

போன ஞாயிறு என் மகனுக்கு ஞானஸ்நானம். ஆராதனை முடிந்ததும், மீதித் தண்ணீரோடு வெள்ளிக் கிண்ணத்தை ஆயர் என் கையில் கொடுத்தார். வாசலுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன். எங்கே ஊற்றுவது? சுற்றிலும் சிமென்ட் கல். வெயில் ஏறிய கல்லிலிருந்து ஒரு வாடை வருமே, அது மூக்கில் பட்டதும் எனக்குப் புங்கம்பூ வாசம் நினைவுக்கு வந்தது. கூடவே கோபமும்.

மொரப்பூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானத்தில் மிஞ்சிய தண்ணீரைக் குழந்தையின் தாய் கொண்டுபோய் வாசல் புங்கமரத்தின் வேரில் ஊற்ற வேண்டும். யார் தொடங்கியதோ தெரியாது. சபையார் கூடிச் சாப்பிடும் அன்பின் விருந்தன்று எல்லோரும் கை கழுவுவதும் அந்த மரத்தடியில்தான். சித்திரையில் பொரி கொட்டியதுபோலப் பூ உதிர்ந்து கிடக்கும். அதன்மேல் உட்கார்ந்துதான் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்தோம். நான் பாதியில் மறந்துவிட்டுக் கிளையில் மைனாவைத் தேடுவேன்.

"ஏம்மா, அப்ப மரமும் கிறிஸ்தவங்களா?" என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமா. உன்னாட்டமா? அது வாரம் தவறாம கோயில்ல நிக்குதில்ல!"

போன வருடம் அதை வெட்டிவிட்டு, வாசல் முழுக்கச் சிமென்ட் கல் பதித்தார்கள். கார்களின்மேல் பறவை எச்சம் விழுகிறதாம். சபை வாட்ஸ்அப்பில் படம் வந்தது: 'வளாகம் அழகுபடுத்தப்பட்டது.' கீழே வரிசையாகக் கைகூப்பல்கள்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரமே சபைச் செயலரிடம் போனேன். கேட்கலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் குழம்பி, கடைசியில் கேட்டேன்.

"அங்கிள், ஒரே ஒரு கல்லப் பேத்துக் குடுங்க. தண்ணிய ஊத்திட்டு அங்கயே ஒரு புங்கங்கன்னு வெக்கறங்க."

"ஒனக்குப் பேத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டுமுங்களே."

"வேரு வந்து கல்லத் தூக்கிரும். பேசாம வாஷ்பேசின்ல ஊத்திரு. கர்த்தர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

கூட வந்திருந்த என் கணவர் என் முந்தானையை இழுத்தார். "வுடு. வாரா வாரம் இவுரு மூஞ்சில முழிக்கணும்."

வீட்டுக்கு வந்து, அதிகம் பேசிவிட்டேனோ என்று பயந்தேன். குழந்தையைத் தூங்க வைத்தபின், இவ்வளவுதான் பேசினேனா என்று எரிச்சலாக இருந்தது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், போன ஞாயிறுதான் சுற்றுச்சூழல் ஞாயிறும். ஏதேன் தோட்டத்தைப் பற்றிப் பிரசங்கம். பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை ஃபிளெக்ஸ். வாடகை மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து, ஆளுக்கொரு கன்று பிளாஸ்டிக் பையில். அதே செயலர்தான் எனக்கும் கொடுத்தார். "போட்டோவுக்குச் சிரிம்மா." சிரித்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

வாசலில் நின்றபடி, மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கிண்ணத்துத் தண்ணீரைக் காலடியில் வைத்திருந்த அந்தக் கன்றுப் பையிலேயே ஊற்றினேன். ஓட்டை வழியாகக் கல்லில் வழிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

நிமிர்ந்தால் வாசலில் ஆளே இல்லை. முன்பெல்லாம் ஆராதனை முடிந்து வெகுநேரம் மரத்தடியில் கூட்டம் கலையாது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, எல்லாம் அங்கேதான் தெரியவரும். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை கைக்குக் கை மாறி, பவுடர் வாசம் எல்லாம் போய், கடைசியில்தான் தாயிடம் வந்து சேரும். இப்போது சூடு தாங்காமல் ஜெபம் முடிந்ததும் ஓடுகிறார்கள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். என் மகனை ஒருவர்கூடக் கைநீட்டி வாங்கவில்லை.