பனி நிற்கட்டும் என்று ஜெபித்தேன்

சபரியின் கட்டில் காலியாக இருந்தது. அவனுடைய கனமான குளிர் ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. போனை அணைத்து வைத்திருந்தான். வெளியே விடியற்காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு மறுவாரம், வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. அந்தப் பையன் காணாமல் போனதற்குக் காரணம் நான்.

பிரியமானவர்களே, இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறர் செய்த தீங்கிலிருந்து ஆண்டவர் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்வது சுலபம். இது நான் செய்த தீங்கிலிருந்து இன்னொருவர் பிள்ளையை அவர் காப்பாற்றிய கதை. என் பங்கை மறைத்தால் அவர் செய்ததையும் மறைத்ததாகிவிடும் என்பதால் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் ராஜபாளையம். நூற்பு மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன், கடைசிப் பதினைந்து வருடம் ஷிப்டு சூப்பர்வைசர். என் மனைவி எஸ்தர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு, இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில், எங்கள் போதகர் ஐயா ஒரு விஷயம் கேட்டார். ஜார்ஜியா நாட்டில் நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் டாக்டருக்குப் படிக்கிறார்கள், பெரியவர்கள் என்று பக்கத்தில் யாரும் இல்லை, இரண்டு வருடம் போய் அவர்களோடு இருக்க முடியுமா என்றார். எஸ்தர் அன்றைக்கே சரி என்றுவிட்டாள். எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஊழியம் என்றால் எழுந்து நின்று பேசுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே எங்கள் ஊழியம் சாம்பாரும் ரசமுமாக இருந்தது. சனிக்கிழமை மதியம் எங்கள் வாடகை வீட்டில் சாப்பாடு, அதற்கு முன்னால் அரைமணி நேரம் பாட்டும் ஜெபமும். ஜெபத்தில் உட்கார விருப்பமில்லாதவர்கள் சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்று எஸ்தர் முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். எல்லோரும் பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வயதுக்குள் இருப்பவர்கள். நான் பழக்கதோஷத்தில் ஒரு நோட்டுப் போட்டேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஊரில் பெற்றவர்களின் போன் நம்பர் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். மில்லில் ஓர் ஆள் சொல்லாமல் ஷிப்டுக்கு வரவில்லை என்றால் வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிடுவேன். எனக்குத் தெரிந்த அக்கறை அதுதான். பிள்ளைகள் நோட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் எழுதாமல் விடமாட்டேன்.

சபரி வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்துப் பையன். நாங்கள் கிளம்புகிறோம் என்று கேள்விப்பட்டு அவன் அப்பா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தார். நெல் விவசாயம் செய்கிறவர். அவர் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் சபரிதான்.

"அண்ணாச்சி, எம் பையனக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. ஒண்ணுன்னா மறைக்காம எங்கிட்டச் சொல்லிருங்க," என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சபரி எஸ்தரிடம் பேச வந்தான். நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டான், அந்த வருடத்தை மறுபடியும் படிக்க வேண்டும். வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறான். சொல்லும்போதே அழுதுவிட்டான். "லீவுக்கு ஊருக்குப் போறப்ப அப்பாட்ட நானே சொல்லிக்கிடுதேன்மா. அது வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றான். எஸ்தர் சரி என்று சொல்லி அவனுக்குச் சோறு போட்டாள்.

நான் யாரிடமும் சரி என்று சொல்லவில்லையே. அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது. பெற்றவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம், மறைத்தால் பாவம் என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டு, மறுநாள் மதியம் எஸ்தர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து நோட்டை எடுத்துக் கான்சாபுரத்துக்குப் போன் போட்டேன். அவள் இல்லாத நேரமாகப் பார்த்தேன் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது.

சபரி தோற்றதைச் சொன்னதும் அவன் அப்பா போனை வைத்துவிட்டார். அதன் பிறகு மகனைக் கூப்பிட்டு, ஊர் முழுக்க டாக்டர் டாக்டர் என்று சொன்ன முகத்தை இனி எங்கே வைப்பது, இனிமேல் என்னோடு பேசாதே என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. அவனோடு தங்கியிருந்த பையன் ஓடிவந்து சபரியைக் காணோம் என்று சொன்னபோது எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒத்துக்கொண்டேன். அவள் சண்டை போடவில்லை.

"நீங்க நல்லது செஞ்சதா நெனைக்கிய. செத்த நேரம் எங்கிட்டப் பேசாதிய," என்றாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

தேடினோம். காலேஜில் இல்லை, நூலகத்தில் இல்லை. அவன் வழக்கமாகப் போகும் ரொட்டிக் கடையில் விசாரித்தோம். போலீசில் பெயரும் போட்டோவும் கொடுத்தோம். ராஜபாளையத்து வெயிலில் வளர்ந்த உடம்பு எனக்கு. இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் போட்டும் பல் தந்தியடித்தது. அவனோ ஜாக்கெட்டை எடுக்காமல் போயிருக்கிறான். திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறவன் ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போவானா என்ற கேள்வி மனதில் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகனைக் காணோம் என்று தெரிந்ததிலிருந்து அரைமணிக்கு ஒரு தடவை கான்சாபுரத்திலிருந்து போன். "அண்ணாச்சி, கெடச்சானா?" முந்தின நாள் பேசாதே என்று சொன்ன மனிதர்தான். "நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது அண்ணாச்சி. எங்க குலசாமிக்கும் நேந்துட்டேன், ஒங்க சாமிட்டயும் சொல்லுங்க," என்று அழுதார்.

பதினொரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பி, அடுக்களையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, முதலில் இந்தப் பனியை நிறுத்தும். பையன் மேலே குளிருக்குத் துணி இல்லை. பனி நின்றால் நாங்கள் தேடுவோம். இதுதான் என் ஜெபம். திரும்பத் திரும்ப இதையேதான் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தேன். பனி இன்னும் கனமாக விழுந்தது. எதிர்ப்பக்கத்து வீடே தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஊரையும் மகளையும் விட்டு உம் வேலைக்கு வந்தவன் கேட்கிறேன், இதுகூடவா செய்ய மாட்டீர் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

எஸ்தர் கதவைத் திறந்தாள். "பனியப் பத்தி ஆண்டவர்ட்டப் பேசுனது போதும். வெளிய ஹால்ல புள்ளைக அம்புட்டும் வந்து உக்காந்திருக்கு. நீங்க உள்ள வந்தா வாய மூடிக்கிடுதுக. ஏன்னு கேட்டியளா?" என்றாள்.

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சபரி எங்கே போயிருப்பான் என்று அவர்களில் யாருக்கோ தெரியும். தெரிந்தும் என்னிடம் சொல்ல மாட்டார்கள். என்னிடம் சொன்னால் ஊருக்குப் போய்விடும். அந்தப் பெயரை நானே சம்பாதித்து வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் உயிர் என்னுடைய வாயில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஜெபம் மாறியது. பனியை விட்டுவிட்டேன். ஆண்டவரே, அந்தப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் கொடும் என்று மட்டும் கேட்டேன். சிரிக்காதீர்கள். முப்பத்தொரு வருட மில் வேலையில் எனக்குக் கீழே இருந்த ஒருவரிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னவன் இல்லை நான்.

ஹாலுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சபரி சொன்னத அவங்கப்பாட்டச் சொன்னது நான்தான். அவன் கெஞ்சிக் கேட்டது என் காதுல விழுந்துச்சு. விழுந்தும் சொன்னேன். அது அக்கறை இல்ல, துரோகம். என்னிய மன்னிச்சிருங்க," என்றேன். கையில் அந்த நோட்டு இருந்தது. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த நஸ்ரினிடம் அதை நீட்டினேன். "ஒங்க வீட்டு நம்பர் எல்லாம் இதுல இருக்கு. இனி இது எங்கிட்ட வேண்டாம். நீயே வச்சுக்கம்மா."

நஸ்ரின் ஸ்ரீவில்லிபுத்தூரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள், நான்காம் வருடம் படிக்கிறவள். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எத்தனை தடவை செத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"நேத்து சாயந்தரம் எங்கிட்ட மலைக்குப் போற வேன் எத்தனை மணிக்குன்னு கேட்டான்," என்றாள். "போன வருசம் எல்லாரும் டூர் போனோமே, அந்த எடம். அங்க வந்துட்டா யாருக்கும் தெரியாம இருந்திரலாம்னு அப்பவே சொன்னான். அய்யாட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தான். அதான் சொல்லல."

அவள் அந்த ஊர்ப் பாஷை நன்றாகப் பேசுவாள். பனிக்கட்டி பிடித்த ரோட்டில் வருவதற்கு ஒரு டாக்சிக்காரரைச் சம்மதிக்க வைத்தாள். ஒரு மணிக்குக் கிளம்பினோம். நான், எஸ்தர், நஸ்ரின். சபரியின் ஜாக்கெட்டை எஸ்தர் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி ஊர்ந்து போனது. மலைப்பாதை இடுக்கானது, ஒரு பக்கம் பள்ளம். நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு அவள் வழக்கப்படி துவா செய்துகொண்டு வந்தாள். நான் என் வழக்கப்படி ஜெபித்தேன்.

மூன்று மணிக்கு ஒரு சிறிய ஊர் வந்தது. அங்கே ரோட்டின் குறுக்கே போலீஸ் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். டாக்சிக்காரர் இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்து நஸ்ரினிடம் ஏதோ சொன்னார். அவள் திரும்பினாள்.

"பனியால மலைப்பாதைய காலைலயே மூடிட்டாங்களாம் அய்யா. இன்னிக்கு ஒரு வேன்கூட மேல போகலியாம். வந்த வேன் எல்லாம் இங்கயே நிக்குதாம்."

வேன்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். ஓடினேன் என்று சொல்கிறேன், இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். பயணிகள் காத்திருக்கும் அறையில், ஹீட்டருக்குப் பக்கத்துப் பெஞ்சில், ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு சபரி உட்கார்ந்திருந்தான். டிக்கெட் கொடுக்கும் அம்மா ஒருவர் தன் சால்வையை அவன் தோளில் போட்டிருந்தார். கையில் பாதி ரொட்டி இருந்தது.

எஸ்தர் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் போட்டாள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பனி நிக்கட்டும்னு காலைலருந்து காத்துக்கிட்டிருந்தேன் அய்யா," என்றான்.

"நின்னா எங்க போயிருப்ப?"

அவன் தரையைப் பார்த்தான். நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பதினொரு மணிக்கு அடுக்களையில் நான் என்ன கேட்டேன்? பனியை நிறுத்தும் என்று கேட்டேன். கோபத்தோடு கேட்டேன். நான் கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருந்தால் பாதையைத் திறந்திருப்பார்கள், வேன் மேலே போயிருக்கும், இந்தப் பெஞ்சில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே, எல்லோரும் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அப்போது என் போன் அடித்தது. கான்சாபுரம். பழைய ஆளாக இருந்தால் எடுத்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். போனைச் சபரியிடம் காட்டினேன். "கெடச்சிட்டான்னு மட்டும் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். தலையாட்டினான். அதை மட்டும் சொன்னேன். பிறகு சபரி தானாகவே கையை நீட்டினான். கொடுத்தேன்.

அவன் பேசுவதற்குள் அவன் அப்பா பேசினார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "ஏலே, அங்க எம்புட்டுக் குளுருன்னு சொல்லுதாங்க. மேலுக்கு எதுவும் போட்டிருக்கியாலே?"

"போட்டிருக்கேம்பா," என்றான்.

மற்றதை எல்லாம் அவனே அவரிடம் பிறகு சொல்லிக்கொண்டான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. மறுபடி படித்தான். ஒரு பாடம் தேறிவிட்டது, இன்னொன்று இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டதற்கு அடுத்து வந்த சனிக்கிழமையிலிருந்து பிள்ளைகள் சாப்பிட்ட பிறகும் உடனே கிளம்பாமல் உட்கார ஆரம்பித்தார்கள். நான் பேசுவதைவிடக் கேட்கப் பழகினேன். அதுதான் ஊழியம் என்று இரண்டாம் வருடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நாங்கள் ஊருக்குக் கிளம்பியபோது நஸ்ரின் விமான நிலையத்துக்கு வந்தாள். நோட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது அவளிடம்தான் இருக்கிறது.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் சபரியின் அப்பாவைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "பையன் ஒங்ககிட்ட அடிக்கடி பேசுதானாமே. எப்பிடி இருக்கான் அண்ணாச்சி, படிக்கானா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது நிறைய இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"அவன்ட்டயே கேளுங்க அண்ணாச்சி," என்று சொல்லி, சபரிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விட்டேன். டீயைக் குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோதும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். சிரித்துக்கொண்டு பேசினார்.

ஆண்டவருக்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்? நான் கேட்டதைக் கொடுக்காததற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். இதை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர் வெகுநாளாக ஒன்றையே கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருக்கலாம். கோபமும் வந்திருக்கலாம். எனக்கும் வந்தது, அவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் அவரை நம்பிப் பாருங்கள். உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் நிற்கவில்லையா? அது யாரை எந்தப் பெஞ்சில் பத்திரமாக உட்கார்த்தி வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.