வெறும் லோரி

பாடாங் செராய் லோரிக்காரர் தவசீலன் ஜோகூரிலிருந்து வெறும் லோரியோடு திரும்பியதே இல்லை. அலோர் ஸ்டார் அரிசியை ஜோகூரில் இறக்கினால், வடக்கே வரவும் சரக்கு வேண்டும், லாபமே அதில்தான். மனிதருக்கு அப்படி ஒரு வீம்பு.

மகள் ரூபினி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோதும் அவர் ஜோகூரில் சரக்குக்காகத்தான் காத்திருந்தார்.

"அப்பா, அம்மா ஒங்களையேதான் கேக்குறாங்க. ஒடனே வந்துருங்க லா."

"நாளைக்கு டைல்ஸ் ஏத்திருவாங்கம்மா. கோசோங்கா, வெறும் லோரியா வந்தா டீசல் காசுகூட நிக்காது. ஒரு நாள்தானே?"

டைல்ஸ் ஏற்ற இரண்டு நாளாயின. வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

மனைவியை அடக்கம் செய்த மறுநாள், சரக்கை அலோர் ஸ்டாரில் இறக்கினார். அந்த நடையில் அவர் நினைத்த லாபம் ஒரு வெள்ளிகூடக் குறையாமல் வந்தது.