மருதங்கட்டில் நின்ற ரயில்

வெள்ளிக்கிழமை காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் தலைமன்னார் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். முருங்கன் நிலையம் தாண்டியதும் தூங்கக் கூடாது, எழுந்து இடது பக்கக் கதவருகே போய் நிற்க வேண்டும் என்றாள்.

"எங்கட ஊரில ரயில் நிக்காது பாப்பா. ஆனா நான் நிப்பன். பாத்துக்கொண்டு வா."

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்னமும் என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிறவள் செல்லம்மா அக்கா ஒருத்திதான். அவளை நேரில் பார்த்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இந்தியாவுக்குத் திரும்பிப் போக எழுதிக்கொடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அக்காவுக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது. அத்தானின் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அப்பா, அம்மா, நான் ஒரு நாட்டுக்கு, அக்கா இன்னொரு நாட்டுக்கு என்று ஆயிற்று. வழியனுப்பத் தலைமன்னார் வரை எங்களோடு ரயிலில் வந்தாள். அங்கே பியர் என்று சொல்லும் கப்பல்துறையில் கப்பல் ஏறினோம். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரியில் மறுபடியும் தேயிலை. இன்றும் நான் கோத்தகிரிக்காரிதான்.

அக்கா, கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி, மன்னார் பெருநிலத்தில் உயிலங்குளத்துப் பக்கம் வயல் வேலைக்கு வந்து அங்கேயே ஊன்றிவிட்டாள். அப்புறம் போர் வந்தது. தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டைகளையும் பிடுங்கிப் பதுங்குகுழி கட்டினார்கள். கால் நூற்றாண்டு மன்னாருக்கு ரயிலே இல்லை. போர் முடிந்த பின் பாதையை மறுபடி போட்டு, பெரிய நிலையங்களைப் புதிதாகக் கட்டினார்கள். அக்காவின் ஊரான மருதங்கட்டில் முன்பு இருந்த சின்ன நிறுத்தம் மட்டும் முள்ளுக்குள் கிடந்தது. அதைத்தான் இப்போது ஊர்க்காரர்கள் ஓய்வு நாட்களில் கூடித் தாங்களே சீராக்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் முதன்முதலாக நிற்கும், அதற்கு முன் வந்து சேர் என்று சொல்லியிருந்தாள். அதனால்தான் இத்தனை வருடம் தள்ளிப்போட்ட பயணத்துக்கு அவசரமாக டிக்கெட் எடுத்தேன்.

மதவாச்சியில் பாதை பிரிகிறது. ஒன்று யாழ்ப்பாணத்துக்கு, எங்களுடையது மேற்கே தலைமன்னாருக்கு, நூற்றாறு கிலோமீட்டர். இறால் வடைக்காரர்கள் அங்கே இறங்கிக்கொள்ள, பெட்டி அமைதியானது. காடு, காடு முடிந்து குளம், குளத்துக்குக் கீழே வயல். அன்றைக்கு இந்தப் பாதையில் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தேன். அவள் சேலையில் தேயிலைத் தூசி வாசம் அடித்தது. சன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. சேலையின் பூக்கள் மட்டும் நினைவிருக்கின்றன.

முருங்கன் தாண்டியதும் கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வயல்வெளி, குளக்கட்டு, எருமைகள். திடீரென்று முள் வெட்டித் துப்புரவாக்கிய ஒரு வெளி. கிரவல் மண் மேடு. மண்வெட்டிகளோடு சில ஆட்கள். மேட்டின் நுனியில் பச்சைச் சேலையில் ஒரு பெண், இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா!" என்று கத்தினேன். வாய் மூடுவதற்குள் மேடும் அவளும் பின்னால் போய்விட்டார்கள்.

பக்கத்தில் நின்ற பெண், "தெரிஞ்ச ஆக்களோ?" என்று கேட்டாள்.

"என் அக்கா."

"அப்ப ஏன் இறங்கேல்ல?"

"ரயில் நிற்காதே" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

மன்னார் நிலையத்தில் அலோசியஸ் காத்திருந்தார். பேசாலைக்காரர். கடலுக்குப் போகாத நாட்களில் ஓட்டோ ஓட்டுகிறார். "வாங்கோ அன்ரி, செல்லம்மாக்கா அனுப்பினவ" என்று பையை வாங்கிக்கொண்டார். வந்த வழியே பதினைந்து கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். வாடகை வழக்கமாக ஆயிரத்தைந்நூறு ரூபாய். என்னிடம் வாங்கினால் அக்கா ஏசுவா என்று வாங்க மறுத்துவிட்டார். நகரத்துத் தெருவில் கழுதைகள் எங்களுக்கு வழிவிடுவதாக இல்லை. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் வெள்ளித் தகடு மாதிரி கிடந்தது.

அவரும் அந்த நிறுத்த வேலையில் மண் சுமக்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது.

"ரயில் நின்றால் உங்கள் ஓட்டோவுக்கு ஆள் குறையாதா?" என்று கேட்டேன்.

"குறையும்தான். ஆனா என்ர மனிசி மருதங்கட்டு. தாய் வீட்ட போகோணும் எண்டு சொல்லி ஒவ்வொரு கிழமையும் என்ர உயிரை வாங்குறா. ரயில் நிண்டா அவவே ஏறிப் போவா. எனக்கு அது காணும்."

நாங்கள் போனபோது அக்கா இன்னும் அந்த மேட்டில்தான் இருந்தாள். கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டி இப்பிடி நரைச்சுப்போனாய்?"

நான் அழத் தயாராக வந்திருந்தேன். சிரித்துவிட்டேன். பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம். அலோசியஸ் ஓட்டோவின் சக்கரத்தைச் சோதிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தோட்டத்தில் அம்மா சுடும் அதே கோதுமை ரொட்டி. தொட்டுக்கொள்ளக் கணவாய் மீன் கறி. அம்மா கணவாயைக் கண்ணால் கண்டதில்லை. அக்காவின் பேச்சும் அப்படித்தான் இருந்தது. பாதி எங்கள் தோட்டத்து லயன் வீட்டுப் பேச்சு, பாதி மன்னார்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலைக்குப் போனோம். மேடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெட்டியின் நீளத்துக்குக் கிரவல் கொட்டி, ரயில் பக்கம் கல் அடுக்கிய மேடு. கல் அடுக்குகிறவர் பரீத் நானா. போர்க்காலத்தில் இந்த மாவட்டத்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது இளைஞனாகப் புத்தளம் போனவர். நரைத்துத் திரும்பி வந்திருக்கிறார். முள்ளைத் தோண்டியபோது பழைய மேடையின் விளிம்புக் கற்கள் மண்ணுக்கடியில் வரிசை குலையாமல் கிடைத்தன என்றார்.

"இந்தக் கல்லில குந்தித்தான் நாங்க பள்ளிக்கூட ரயிலுக்குப் பாத்துக்கொண்டிருப்பம்" என்று அதில் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "நான் போகேக்க ரயில் இல்ல. வரேக்க ரயில் இருக்கு, நிக்கேல்ல. அதுதான் மனசு கேக்கேல்ல."

மண் அள்ளிச் சுமக்க எனக்கும் ஒரு தாச்சி கொடுத்தார்கள். தேயிலைக் கூடை சுமந்த முதுகு, மண்ணுக்குப் பழக நேரமாகவில்லை.

மதியத்துக்குப் பின் மழை பிடித்தது. ஒரு மணி நேரம்தான், ஆனால் ஊற்றித் தள்ளியது. விட்டதும் ஓடிப் போய்ப் பார்த்தோம். கல் அசையவில்லை. ஆனால் பின்பக்கத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் சரிவு முழுவதும் கரைந்து வாய்க்காலுக்குள் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, ரயிலை நிறுத்த அனுமதி தர வேண்டிய ரயில்வே அதிகாரி வந்தார். கால்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"வண்டியை நிப்பாட்டலாம். ஆக்கள் இறங்கி எங்க போறது? விழுந்து காலை முறிச்சா நான்தானே பதில் சொல்லோணும்? காலமை வருவன். சரிவு இருந்தா சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிப்பாட்டுவன். இல்லாட்டி இன்னொரு நாள் பாப்பம்."

அவர் போய்விட்டார். கிரவல் ஏற்றி வந்த உழவு இயந்திரம் பாதிவழியில் சேற்றில் புதைந்து நின்றது. அக்கா ஈரக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு நாள், இன்னொரு நாள். எத்தினை இன்னொரு நாளைப் பாத்தாச்சு" என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள். அவளுடைய வலது முழங்கால் வீங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். மாதா மாதம் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போக, அந்தக் காலோடு பஸ் றோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள்.

அலோசியஸ் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனார். வாடகைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். வெயில் சாயும் நேரத்தில் ஒரு லொறி வந்தது. முன்னால் அவருடைய ஓட்டோ. லொறியில் பனங்குற்றிகள், அவற்றின்மேல் பேசாலை மீனவர்கள். மறுநாள் ஞாயிறு, அவர்கள் கடலுக்குப் போகாத நாள்.

"படகுக் கரையில மண் சரிஞ்சா நாங்கள் இப்பிடித்தான் மறிக்கிறது" என்றார் அலோசியஸ். குற்றிகளை நட்டு, அவற்றுக்கிடையே தென்னோலைக் கிடுகு அடைத்து, அரிசிச் சாக்குகளில் கிரவல் நிரப்பிக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பினோம். எனக்கு முன்னால் பரீத் நானா, பின்னால் அக்கா. இருட்டுவதற்குள் சரிவு எழுந்துவிட்டது. அக்கா தன் கெட்ட காலோடு அதில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பிறகு எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினாள்.

ஞாயிறு காலை அதிகாரி வந்து சரிவில் இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். பையிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்தார்.

தூரத்தில் ஊதல் கேட்டது. ஊர் முழுக்க மேட்டைச் சுற்றி நின்றது. ரயில் வந்த வேகத்தைப் பார்த்தால் நிற்கும் என்று தோன்றவில்லை. பிறகு பிரேக் கிறீச்சிட்டது. எஞ்சின் எங்களைத் தாண்டிப் போய், ஒரு பெட்டியின் கதவு சரியாக மேட்டுக்கு நேரே வந்து நின்றது. யாரும் அசையவில்லை. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கார்ட் எட்டிப் பார்த்து, "ஏறுங்கோ, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார்.

அக்காதான் முதலில் ஏறினாள். பரீத் நானா கைகொடுத்து ஏற்றிவிட்டார். பின்னால் நான். தாய் வீட்டுக்கு வந்திருந்த அலோசியஸின் மனைவி ஏறித் தன் கணவனுக்கு டாட்டா காட்டினாள்.

"எது வரைக்கும் போறோம்?" என்று அக்காவைக் கேட்டேன்.

"பியர் வரைக்கும். நீ போனதுக்குப் பிறகு நான் அங்க போகேல்ல."

தாம்போதி, மன்னார், பிறகு தீவின் நீளம் முழுக்க மணலும் பனையும். தெற்குக் கரையோரம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பேசாலையில் கருவாட்டு வாசம் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது. தலைமன்னார் பியர் நிலையம் புதிது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. கொஞ்சம் நடந்தால் பழைய துறை. கடலுக்குள் நீண்டுபோகும் உடைந்த தூண்கள். அங்கிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இத்தனை பக்கத்திலா இருந்தோம் என்று நினைத்தேன்.

மணலில் உட்கார்ந்தோம். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கப்பல் போன பிறகு இங்கதான் இருந்தன். ரயில் வெளிக்கிட்டுப் போயிட்டுது. எனக்கு எழும்ப ஏலேல்ல. ஒரு பொம்பிளை மீன் கடகத்தோட வந்தவ. பேரும் தெரியாது. வீட்ட கூட்டிக்கொண்டு போய்க் கஞ்சி தந்தவ. 'அழுதுபோட்டுப் போ பிள்ளை. இஞ்ச எல்லாரும் அழுதுபோட்டுத்தான் போறவை' எண்டா. அடுத்த நாள் அவதான் ரயில் ஏத்தி விட்டவ. பிறகு கலவரத்தில லயத்துக்கு நெருப்பு வைக்கேக்க, எங்க ஓடுறது எண்டு உன் அத்தான் கேட்டார். எனக்கு வேற எந்த ஊரையும் தெரியாது. மன்னார் ரயில்ல ஏறுவம் எண்டன்."

அவள் இந்தப் பக்கம் வந்தது ஏதோ தற்செயல் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அக்கா கேட்டாள். "அம்மா கப்பல்ல நிண்டு என்னைப் பாத்தவவா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லக்கா. அம்மா கரைக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டா. என்னைப் பார்க்கச் சொன்னா. 'அக்கா தெரியுறாளா, தெரியுறாளா'ன்னு ராமேஸ்வரம் வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தா. நானும் தெரியுறா, தெரியுறான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரயில் திரும்பும் நேரம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மருதங்கட்டில் இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பினேன். இங்கிருந்து குன்னூர் போனால் எங்களுக்கும் ஒரு ரயில் இருக்கிறது. மலை ரயில். பெட்டி நிறையச் சுற்றுலா வந்தவர்கள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை நான் பார்த்ததில்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். கிளினிக் நாள்.

"முக்கா மணித்தியாலம் லேட் பாப்பா! மடுவுக்கு அங்கால யானை மறிச்சதாம். நிண்டு நிண்டு எனக்குக் கால் உளைஞ்சுபோச்சு. குந்தியிருக்க ஒரு வாங்கு போட்டுத் தாங்கோ எண்டு பரீத் நானாட்டச் சொன்னா, வாறன் வாறன் எண்டு இன்னும் வரேல்ல. இதென்ன ஸ்டேசன்?"

நான் சிரித்தேன்.

"என்னடி சிரிக்கிறாய்?" என்று எனக்கும் திட்டு விழுந்தது.