பேரும் மூஞ்சியும் போன பிறகு

"எந்த ஊருங்க?" என்று வீடியோவில் டாக்டர் கேட்கும் இடத்தில் மோகனப்பிரியா ஒரு வெட்டு வெட்டுவாள். "எந்தத் தோட்டமுங்க?" என்பதற்கு இன்னொரு வெட்டு. ஊரை விசாரிக்காமல் கொங்கு நாட்டில் யாருக்கும் பேச்சு ஓடாது. நோயாளியின் மூக்கில் கேமராக் குழாயை விட்டுக்கொண்டே டாக்டர்கள் விசாரிப்பார்கள். அவரும் குழாயோடு பதில் சொல்வார். "ஊரும் தோட்டமும் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் பேரு எதுக்குங்க?" என்பாள்.

கோவையில் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை, மாணவர்கள் படிப்பதற்காக ஸ்கேன்களையும் தொண்டை வீடியோக்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஏற்றுவதற்கு முன்பே ஆளைக் காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் அவள் நீக்கிவிட வேண்டும். முன்பு கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தவள். "அப்ப மூஞ்சிய வெளுப்பாக்கிக் குடுத்தேனுங்க. இப்ப மூஞ்சியவே தூக்கிப்போடறேன். இதுல யாரும் சண்டைக்கு வர்றதில்லைங்க."

தலை ஸ்கேன் என்றால் மூக்கையும் உதட்டையும் மழித்துவிடுவாள். விட்டுவைத்தால் கம்ப்யூட்டர் முழு முகத்தையும் திரும்பச் செய்துவிடுமாம். பஸ்ஸில் எதிரே இருப்பவரின் மூக்கை அவள் உற்றுப் பார்த்தால் தப்பாக நினைக்கக் கூடாது, தொழில் புத்தி. எங்கோ ஒரு தொகுப்பிலிருந்து யாருடைய நாக்கையோ திருடி லேகிய விளம்பரத்தில் போட்டிருந்ததைப் பார்த்த பிறகு, செல்போனில் வரும் எந்த மருந்து விளம்பரத்தையும் அவள் தள்ளிவிடுவதில்லை. பெரிதாக்கிப் பார்த்து, "நம்முளுது இல்லீங்க" என்று சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இப்படிப்பட்டவளிடம்தான் மயில்சாமியின் தொண்டை வந்து சேர்ந்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிறவர். டாக்டர் கிருபாசங்கர் அவரைக் குழாயோடேயே ஏலம் கூறச் சொல்லிப் பதிவு செய்திருந்தார். "முந்நூத்திப் பத்து, முந்நூத்திப் பத்தேய்" என்று குரல் ஏறும் இடத்தில் உள்ளே ஒரு சின்னக் கட்டி குறுக்கே வந்து அதை உடைக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு அருமையான பாடம். கடைசியில் மயில்சாமி சொல்வதும் பதிவாகியிருந்தது: "மண்டில தெரிய வேண்டாங்க சார். கட்டின்னா நாளைக்கே வேறாளப் போட்டுருவாங்க."

அந்தப் பேச்சை வெட்டுவது சுலபம். ஏலக் குரலை என்ன செய்வது?

"பேரு இல்ல, மூஞ்சி இல்ல, அப்புறம் என்ன அம்மணி?" என்றார் டாக்டர்.

"தொண்ட இருக்குதுங்களே சார். அதத்தான் அந்தச் சுத்துவட்டாரமே கேக்குது. போதாததுக்கு, இத்தினிப்போல குரல் கெடச்சாலும் கம்ப்யூட்டர்ல அவரு பேசாததையெல்லாம் பேச வச்சுப்போடறாங்க."

"ஒரு ஏலக் கூப்பாட்ட வச்சு யாரு கண்டுபுடிக்கப் போறாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் யாரிடமாவது போட்டுக்காட்டிச் சோதிக்கவும் முடியாது. அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் சோதனையே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால் சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவளே மண்டிக்குப் போனாள்.

ரோட்டோரம் வண்டியை நிறுத்தும்போதே உள்ளிருந்து குரல் கேட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த சுமைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மயில்சாமியண்ணன் ஆரம்பிச்சுட்டாருப்பா, வா" என்று கூட இருந்தவரைக் கூப்பிட்டபடி டம்ளரை வைத்துவிட்டு நடந்தார். மோகனப்பிரியாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அங்கே நின்றபடியே டாக்டரை அழைத்தாள். "குரல் வேண்டாங்க சார், படம் மட்டும் போதும்."

"பாதிப் பாடம் போச்சு," என்று வருத்தப்பட்டார் கிருபாசங்கர். "சரி, எடுத்துப்போடுங்க." அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

உள்ளே போய்க் கூட்டத்தோடு நின்றாள். குரல் ஏறியது, ஏறும் இடத்தில் லேசாகப் பிசிறியது. சுற்றியிருந்தவர்கள் வாழைத்தாரைத்தான் பார்த்தார்கள். காரணம் தெரிந்த இவளுடைய கண் மட்டும் நேராக அவர் தொண்டைக்குப் போய் நின்றது. மயில்சாமி அதைக் கவனித்துவிட்டார். அவளை அவருக்குத் தெரியாது. ஆனாலும் கை தானாகத் துண்டை இழுத்துக் கழுத்தைச் சுற்றியது.

பக்கத்தில் நின்ற வியாபாரி இவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஏனுங்க, அண்ணனத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க," என்றாள். சட்டென்று குனிந்து, காலடியில் கிடந்த பூவன் தாரில் ஒவ்வொரு காயாக அழுத்திப் பார்க்கத் தொடங்கினாள்.