மலை எடுத்துக்கொண்ட பேர்

என் மூத்த மகனுக்கு நான் வைத்த பேர் வனத்தையன். கண்ணமங்கலத்தில் என் மாமியார் வீட்டில் அந்தப் பேரைச் சொன்னேன். மாமியார் குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். என் கணவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா பேருடி இது? நாளைக்கு ஸ்கூல்ல பசங்க சும்மா விடுவானுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டுதல். மாத்த முடியாது" என்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருச்சிக்குத் தெற்கே. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அது அப்படியொன்றும் அதிசயமான பேர் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பவர் காட்டில் தனியாகத் தவம் இருந்த முனிவர். தினமும் ஒரு காகம் அவருக்கு அப்பம் கொண்டுவந்து கொடுத்தது என்று சொல்வார்கள். வனத்தில் இருந்த ஐயா என்பதால் வனத்தையா. தெருவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கிழவரும் வருவார், ஒரு கைக்குழந்தையும் அழும். வேலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் அது யாருக்கும் தெரியாத பேர் என்பது எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளின் பின்பாதி அது. நான் மலைமேல் ஜமுனாமரத்தூரில் கிராம நர்ஸாக இருந்தேன். என் கணவருக்கு வேலூரில் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வந்து திங்கட்கிழமை விடிவதற்குள் இறங்கிவிடுவார். ஏழாவது மாதத்தில் ஒருநாள் நான் மட்டும் மலைப்பாதை பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருந்தபோது, பாதி வழியில் புடவை நனைவதை உணர்ந்தேன். ரத்தம். எத்தனையோ பெண்களுக்கு "ஒண்ணும் ஆகாது, படுங்க" என்று சொன்னவள், அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தெரிந்த காட்டையே பார்த்தேன். அப்போது வனத்தையாவைத் தவிர வேறு எந்தச் சாமியும் என் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையைக் கொடுத்துவிடு, உன் பேரை வைக்கிறேன் என்றேன். ரத்தம் நின்றது. இரண்டு மாதம் கழித்து அவன் நல்லபடியாகப் பிறந்தான்.

பிள்ளை பிறந்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. ஊர் ஊராக நடந்து போவது என் வேலை. ஆனால் நடக்காத நேரத்திலும் குவார்ட்டர்ஸுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். பால் குடித்துவிட்டுத் தூங்குகிறவனின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய், பாதியில் திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பேன்.

அவனுக்கு ஒரு வயது முடிந்த கோடையில் மலையில் தட்டம்மை பரவியது. எல்லோரும் புளி உலுக்கப் போயிருந்த சமயம். அதற்குத் தடுப்பு ஊசி அப்போது எங்களிடம் இல்லை. வேப்பிலை செருகிய குடிசைகளுக்குள் குனிந்து போய், பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள், கஞ்சி கொடுங்கள் என்று கெஞ்சுவேன். "அம்மா வந்துக்கிறா நர்சம்மா, இப்போ மருந்து ஆவாது" என்பார்கள். அந்தக் கோடையில் பல வீடுகளில் பிள்ளைகள் போய்விட்டன. என் மகனுக்கும் வந்தது. காய்ச்சலோடு நெஞ்சில் சளி கட்டி, விலா எலும்பு உள்ளே இழுக்க இழுக்க மூச்சுவிட்டான். என் கையாலேயே பென்சிலின் போட்டேன். ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு காலை, அவனாக எழுந்து உட்கார்ந்து வாழைப்பழம் கேட்டான்.

அதற்கு அடுத்த சந்தை நாளில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நிறைமாதம். எங்களிடமிருந்து இரண்டு மேடு தாண்டி ஒரு குக்கிராமத்தில் சாமை பயிரிடும் குடும்பம். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, பேர் வைப்பதற்குள் இறந்திருந்தார்கள். ஒரு கூடைப் பலாச்சுளையை வாசலில் வைத்துவிட்டு, என் மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க புள்ள பேரு இன்னா நர்சம்மா?"

சொன்னேன். அவள் அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "வனத்தையன். காட்டு ஐயன். இது எங்க சாமி பேரு மாதிரி கீதே!"

காகம் அப்பம் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு போய், "அம்மா வந்தும் நின்ன புள்ள. அந்தப் பேர நான் எடுத்துக்கட்டா? பொறக்கறதுக்கு மின்னாடியே பேர வெச்சிட்டா இது நிக்கும்" என்றாள்.

எப்படி மாட்டேன் என்பது? எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவளுக்குப் பிறந்ததும் ஆண். நான்தான் பிரசவம் பார்த்தேன். தொப்புள்கொடியை வெட்டும்போதே அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் கேட்டுவிட்டு வைத்தார்கள், பலர் கேட்காமலே வைத்தார்கள். குறுக்குப் பாதையில் நடந்து போகையில், முன்பின் தெரியாத குடிசையிலிருந்து என் மகனின் பேரைச் சொல்லி யாராவது அதட்டுவது கேட்கும். சட்டென்று நின்றுவிடுவேன். மலையின் மறுகோடியில் புதூர்நாட்டுப் பக்கம்கூட ஒரு வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டுகிறவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேருள்ள ஒரு பிள்ளைக்கு இருமல் என்றாலும் உடனே அந்த வீட்டுக்கு நடப்பேன். ஒரு பேரை நம்பி இத்தனை பேர் பிள்ளைகளை வளர்க்கிறார்கள், அதற்கு நான்தான் ஜவாப்தாரி என்பதுபோல் இருக்கும். என் பிள்ளை பிழைத்தது மருந்தாலும் கஞ்சியாலும்தான் என்று நான் சொன்னால், "இருக்கட்டும் நர்சம்மா, பேரும் இருக்கட்டுமே" என்பார்கள்.

அப்போதுதான் முத்தடுப்பு ஊசிக்கு வந்த இடத்தில் ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். "எதுக்கு நர்சம்மா குத்திக்கினு? இவனுக்கு அந்தப் பேரு வெச்சாச்சி, அதுவே பாத்துக்கும்."

நான் கீழே வைத்த ஊசி மருந்து ஐஸ் பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினேன். ஓடும்போது என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவனை மறித்து நின்றதும் வாயில் வந்ததைச் சொன்னேன். "இது என் பிள்ளைப் பேரு. என் பிள்ளை எல்லா ஊசியும் போட்டவன். ஊசி போடாத பிள்ளைக்கு இந்தப் பேரை வைக்க நான் விடமாட்டேன்."

அவன் திகைத்துப்போய் நின்றான். பேருக்கு ஒரு சொந்தக்காரி இருந்து அதைத் திருப்பிக் கேட்பாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கித் தொடையைக் காட்டினான்.

இந்தச் சேதி மலை முழுக்கப் போயிற்று. பேர் வேண்டும் என்றால் ஊசி என்பது தானாகவே ஒரு வழக்கமாயிற்று. நான் போவதற்கு முன்பே மரத்தடியில் பெண்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஊசியைக் கொதிக்க வைக்கும்போது, இந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஆனால் என்ன சொல்வது என்ற யோசனை கூடவே கொதித்துக்கொண்டிருக்கும்.

ஆயிற்று. முதன்முதலில் பேரைக் கேட்டு வந்தவளின் மகனுக்கே ஆயிற்று. இரண்டு வயது. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு. ஓடையில் வெள்ளம் வந்து வழி அடைத்துக்கொண்டதால் அவனைத் தூக்கிவர முடியவில்லை. எனக்குச் சேதி வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது.

வெள்ளம் வடிந்ததும் போனேன். இரண்டு மேடும் ஏறி இறங்கும்வரை, அவள் என்ன கேட்பாள், நான் என்ன பதில் சொல்வேன் என்று மனசுக்குள் பேசிக்கொண்டே நடந்தேன். அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"உன் பிள்ளைக்கு அந்தப் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"பேரு இன்னா பண்ணும் நர்சம்மா?" என்றாள் அவள். "மொத ரெண்டுக்கும் பேரே இல்ல. இன்னான்னு சொல்லி அழறது? சும்மா நெஞ்சில அடிச்சிக்கினு இருந்தேன். இவனுக்குப் பேரு கீது. கூப்புட்டு அழறேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவள் எழுந்து எனக்குக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். நான் குடித்தேன். என் கால்கள் அன்று ஒருநாள்தான் அசையாமல் இருந்ததாக ஞாபகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாற்றல் வந்து கண்ணமங்கலத்துக்கே இறங்கிவிட்டோம். மகனைப் பள்ளியில் சேர்த்தோம். என் கணவர் முதல் நாளே பயந்தது நடந்தது. 'வனவிலங்கு' என்றார்கள். 'கரடி' என்றார்கள். வாத்தியார் ஒருவரே வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பேரை இழுத்து இழுத்துச் சொல்வாராம். மகன் சட்டைப் பொத்தான் அறுந்து வருவான். யாரை அடித்தாய் என்றால் சொல்ல மாட்டான். இரண்டாம் வகுப்புப் பாதியில், "எனக்கு வேற பேரு வைம்மா" என்று ஒருநாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

மாற்ற முடியாது என்று சொன்னவள் நான்தான். வாரக் கணக்கில் வீட்டுக்கும் கோயிலுக்குமாக அலைந்தேன். கடைசியில் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "பிள்ளையைக் கொடுத்தவர் பேருக்காகக் கோபிக்கமாட்டார்" என்றார் அவர். அந்த வட்டாரத்தில் தெருவுக்கு நான்கு பேர் வைத்திருக்கும் ஒரு பேரை என் கணவர் தேர்ந்தெடுத்தார். மறுவாரமே மகன் அதற்குப் பழகிவிட்டான். நான்தான் பழகவில்லை. கூப்பிட வாயெடுத்து, பழைய பேரை விழுங்கி, புதுப் பேரைச் சொல்வதற்குள் அவன் தெருவுக்கு ஓடியிருப்பான்.

சில வருஷம் கழித்து ஒரு மலைக்காரர் என் சுகாதார நிலையத்துக்கு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்காலில் சீழ் வைத்த புண். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இறங்கி வந்தவர்களாம். புண்ணைக் கழுவிக்கொண்டே பையனிடம் பேர் கேட்டேன்.

"வனத்தையன்" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"யார் வெச்ச பேருங்க இது?" என்று தகப்பனைக் கேட்டேன்.

"எங்க காட்டுச் சாமி பேருங்க. எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து வெக்கறதுதான்" என்றார் அவர், சந்தேகமே இல்லாமல். "ஏன், உங்க பக்கம் இல்லீங்களா?"

"இல்லீங்க. எங்க பக்கம் இல்ல" என்றேன். அது என் பிள்ளையின் பேர் என்று சொல்லாமலே கட்டுப் போட்டு அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"அங்க அந்தப் பேர யாரும் கேலி பண்றதில்லியாம்மா?"

"இல்லடா. நிறையப் பேருக்கு அதான் பேரு."

கொஞ்ச நேரம் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தேன். பிறகு அதையும் அப்படியே போட்டுவிட்டு, அவன் போன தெருவைப் பார்க்க வாசலுக்குப் போனேன்.