டேய்! – பிஸ்கட்டவேயில் நான் வர்மம் கற்ற வரலாறு

வலித்தைலமும் பீட்ஸாவும் கலந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள்... எண்பதுகளில், நியூஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் அதற்குப் பெயர் வீரம்.

அந்தப் பக்கம் காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்ட்ரோமாட், இந்தப் பக்கம் பீட்ஸா கடை, நடுவில் ஃபிராங்கின் தற்காப்பு வகுப்பு. பக்கத்தில் டிரையர்கள் சுற்றினால் எங்கள் தரையும் நடுங்கும். நான் காலடி வைப்பதால்தான் நடுங்குகிறது என்று கூடப் படித்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் ஏன் அங்கே போனேன் என்றால், வசந்தாவுக்காக.

என் மனைவி அப்போதுதான் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பரீட்சை மேல் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் அவள் மகாராணி. ஆனால் ஜனவரியில் வேலை முடிந்து வெளியே வரும்போது கும்மிருட்டு. ஒரு நாள் பார்க்கிங் லாட்டில் யாரோ ஒருவன் அவள் கார் வரைக்கும் பின்னாலேயே வந்திருக்கிறான். ஓடிப்போய் ஏறி, கதவைப் பூட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் காரை விட்டு இறங்கவில்லை. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"வேலைய விட்டுடறேங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவதாக முடிவு. அதற்குள் நான் ஒரு மாவீரனாகி, அவளையும் வீராங்கனையாக்கிவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

ஃபிராங்க் என்னைக் கண்டதும் குஷியாகிவிட்டார். உடம்பில் தொட்டால் ஆளைச் சாய்க்கும் இடங்களைப் பற்றி எங்கேயோ படித்திருக்கிறார். "நீ தமிழனா? இதைக் கண்டுபிடித்ததே உங்கள் ஆட்கள்தானே!" என்றார்.

நான் மறுக்கலாமா? இனத்தின் மானம் என்ன ஆவது?

"ஆமாம், எங்களுக்குக் காது குத்தும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்" என்றேன். பிறந்தது மாம்பலம். எனக்குத் தெரிந்த ஒரே வர்மம், கூட்டமான பஸ்ஸில் முழங்கையால் இடம் பிடிப்பது.

"அப்படியானால் என் மேல் செய்து காட்டு" என்று கையை நீட்டினார். கையா அது? பனைமரம். நான் எல்லாத் திசைகளிலிருந்தும் அழுத்தினேன். அவர் பொறுமையாகப் புன்னகைத்தார். பிறகு என் முழங்கைக்குக் கீழே ஒரே ஒரு விரலை வைத்தார்... கண்ணில் பால்வீதி மண்டலம் தெரிந்தது. நியூஜெர்சி கார்ப்பெட்டின் ஒவ்வொரு நூலையும் அருகிலிருந்து தரிசித்தேன்.

கற்றதை வீட்டுக்கு வந்து வசந்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். திருடன் வேஷத்துக்கு, கீழ் வீட்டு டாக்டர் குணம். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கே அழுத்தினாலும் அந்த நரம்பின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் "ஐயோ" என்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் இறுதி ஒத்திகை. அபார்ட்மெண்ட் பார்க்கிங் லாட், சுற்றிலும் பனி. குணம் நிஜத் திருடன் மாதிரியே வந்தார். முட்டி வரை இறகு அடைத்த கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா, கையுறை. நான் சிங்கமெனப் பாய்ந்து அழுத்தினேன்.

விரல் தலையணைக்குள் போனது.

"ஐசே, எனக்குக் கூசக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் அமத்தும்" என்றார் குணம்.

நானும் கையுறை போட்டிருந்தேன். நரம்பு எங்கே, பட்டன் எங்கே என்றே தெரியவில்லை.

வசந்தா சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக. பனியில் உட்கார்ந்து சிரித்தாள். எழுந்து, "ஏங்க, ஜூலை மாசம் வரைக்கும் காத்திருந்து கோட்டு இல்லாம வாடான்னு அவன்கிட்ட சொல்லணுமா? கிளம்புங்க, உங்க வாத்தியாரையே கேக்கறேன்" என்றாள்.

கேட்டாள். ஃபிராங்க் தலையைச் சொறிந்தார். டி-ஷர்ட்டில் நடக்கும் வகுப்பில் இதை யாரும் கேட்டதில்லையாம்.

"விரல் கடைசி. முதலில் சுற்றிலும் பார். சாவி கையில் இருக்கட்டும். செக்யூரிட்டியைக் கூட வரச் சொல். யாராவது நெருங்கினால் கத்து, ஓடு. எங்கே, கத்து பார்ப்போம்" என்றார்.

வசந்தா ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்றாள். லைப்ரரியில் புத்தகம் கேட்பது போல இருந்தது.

"அது உன் குரல் இல்லை. உன் ஊரில் எப்படிக் கத்துவாய்?"

அவள் மூச்சை இழுத்தாள்.

"டேய்!"

பீட்ஸா கடைக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்தார். டிரையர்கள் ஒரு கணம் நின்றன என்று நான் இன்றும் சாதிப்பேன். ஃபிராங்க் அசந்துபோனார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் அத்தனை ஜெர்சிக்காரர்களும் குத்துவதற்கு முன் "டேய்!" என்று கத்தினார்கள். தமிழ்த்தொண்டு என்றால் இதுதானய்யா.

வெள்ளிக்கிழமை அவள் சூப்பர்வைசரிடம் பேசினாள். வேலையை விடுவதைப் பற்றி அல்ல. செக்யூரிட்டி கார் வரைக்கும் துணைக்கு வரவேண்டும் என்று. அதற்குப் பிறகு லேபில் இருந்த பெண்கள் எல்லாருமே சேர்ந்துதான் கிளம்பினார்கள்.

நானோ யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரி பார்க்கிங் லாட்டில் காருக்குள் குனிந்து காவல் காத்தேன். ஒரு சாயங்காலம் கண்ணாடியில் டொக் டொக். வசந்தா.

"நான் வந்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போய் சாதம் வைங்க."

போனேன். வைத்தேன். அந்த லேபில்தான் அவள் ரிடையர் ஆனாள்.

இப்போது காலம் மாறிவிட்டது. டெக்ஸஸில் இருக்கும் மகள் எங்கே நிற்கிறாள் என்று போனே சொல்கிறது. அவளிடம் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில். ஆனால் "டேய்" மட்டும் சுத்தமான மாம்பலம்.

போன ஞாயிறு ஒரு விருந்தில் இந்தக் கதையைச் சொன்னேன். என் பாணியில். பார்க்கிங் லாட்டில் அஞ்சு தடியர்கள், நடுவில் நான். மேஜைக்கு அடியில் வசந்தாவின் விரல் என் கட்டைவிரல் இடுக்கில் வந்து உட்கார்ந்தது.

உடனே தடியர்கள் ஒருவனாகிவிட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவனையும் நான் பார்த்ததே இல்லை என்றேன்.

இன்னும் கொஞ்சம்...

சாதம் வைத்ததையும் சொல்லிவிட்டேன்.