எட்டாவது கயிறு

என் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் ஒரு பச்சைக் கயிறு. ஓரிடத்தில் மட்டும் நசுங்கி நூல் பிரிந்திருக்கும். அந்த இடத்தை விரலால் தடவினால் போதும், போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கின் சாயங்கால வெயில் கண்ணுக்குள் வந்துவிடும்.

அங்கே நான் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டிய அக்காதான் எங்களைப் பின்னல் கோலாட்டத்துக்கு இழுத்துவிட்டவர். கேரி தீவுத் தோட்டக் குடியிருப்பில் சின்ன வயதில் ஆடியதை ஷிஃப்ட் வேலைக்கு வந்தும் அவர் விடவில்லை. வேலை முடிந்ததும் வண்டியின் கரத்தை உயரத் தூக்கி நிறுத்துவார். அதிலிருந்து எட்டு நிறக் கயிறுகள் தொங்கும். அக்கா அடி சொல்ல, ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வலமாக, நாலு பேர் இடமாக, எதிரே வருகிறவளை ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே கடந்து, கோல் தட்டிச் சுற்றுவோம். தலைக்கு மேலே கயிறுகள் பின்னிச் சடை தானாக வளர்ந்து இறங்கும். நிமிர்ந்து பார்த்தால் கிறுகிறுக்கும். லோரிகளின் இரைச்சல்கூட எங்கோ தூரத்தில் கேட்கும். நானா இத்தனை நேரம் லேபல் ஒட்டினேன் என்றிருக்கும். பிறகு வந்த வழியே திரும்பி ஆடிச் சடையை அவிழ்க்கவேண்டும். அவிழ்க்காமல் மேடை இறங்கக்கூடாது, கயிற்றில் கத்தரி படக்கூடாது. எட்டில் ஒருத்தி வராவிட்டாலும் ஆட்டம் கிடையாது.

கிள்ளானில் ஒரு கோயிலின் நவராத்திரி மேடைக்காக அக்கா கோயில் தலைவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். கிடைத்தது. அன்றைக்குப் பார்த்து எனக்குப் புத்தி எங்கே போனதோ! கூட்டத்திலிருந்து என் மகள் கையாட்டினாள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உள்ளே போகவேண்டியவள் என் பச்சைக் கயிற்றோடு வெளியே போனேன். அவிழ்க்கும்போது சடை பாதியில் இறுகி நின்றுவிட்டது. கூட்டம் சிரித்தது.

“யாரம்மா தப்பு பண்ணது? வெட்டிட்டு எறங்குங்க, அடுத்த ஐட்டம் இருக்கு” என்றார் தலைவர்.

என் வாய் திறக்கவே இல்லை. அக்கா கோலைக் கீழே வைத்தார்.

“என் தப்புண்ணே. நான்தான் அடியை மாத்திச் சொல்லிட்டேன். ரெண்டு நிமிஷம் லா.”

ஸ்டூல்மேல் ஏறி, விரலாலேயே முடிச்சை நெகிழ்த்தினார். அடுத்த வருஷம் அந்த மேடை எங்களுக்குக் கிடைக்கவில்லை. புதுக் கயிறுகள் வாங்கியபோது பழைய பச்சையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. எனக்கெல்லாம் வெட்கம் ஒரு கேடா!

போன மாதம் கேரி தீவுக்குப் போனேன். முழங்கால் போய், அக்கா இப்போது தன் மகனோடு அங்கே இருக்கிறார். தேநீர் ஆறுவதற்குள் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“அக்கா, அன்னிக்குத் தப்பு பண்ணது நான்தான்.”

“தெரியும்டி. முடிச்சை அவுத்தவளுக்குத் தெரியாதா? பச்சைதான மேல கெடந்துச்சு.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“சொல்லியிருந்தா மறுநாள் பிராக்டிஸுக்கு வந்திருப்பியா? மேடை போனா இன்னொண்ணு கெடைக்கும். எனக்கு எட்டுப் பேரு வேணும்லா.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரோ பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ஆடுகிறோம். அடி சொல்வது நான். நேற்று சடை இறுகி நின்றது. மஞ்சள் கயிற்றைப் பிடித்திருந்தவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு டின்னில் கிடக்கும் பச்சைக் கயிறு ஞாபகம் வந்தது. கோலைக் கீழே வைத்தேன்.

“என் தப்பு லா” என்றேன். “அந்த ஸ்டூலை இழுத்துப் போடுங்க.”